மாமா என்று சொன்னால் அனுப்பலாம்

எனக்குப் பயம் வந்தால் வாய் ஓயாது. மற்றவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிற நேரத்தில் எனக்கு நக்கல் வரும். அதைப் பார்த்து என்னைத் தைரியசாலி என்று நம்பி ஏமாந்தவர்கள் பலர். எங்கள் தலைமையாசிரியர் அதில் முதல் ஆள்.

எண்பதுகளின் நடுவில் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தேன். தலைமையாசிரியர், ஒரு டீச்சர், நான் என்று மொத்தமே மூன்று பேர். அந்த வருஷம் ஜில்லா முழுக்கப் பிள்ளை பிடிக்கிறவன் நடமாடுகிறான் என்று பேச்சு. கம்பைநல்லூர்ப் பக்கம் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்த மனுஷனைப் புளியமரத்தில் கட்டி வைத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, வேப்பமரம் என்று இன்னொருவர் திருத்தினார். இந்தக் கலவரத்தில், பள்ளிக்கு ஒரு ஆசிரியர் தர்மபுரிக்கு வந்து ‘பிள்ளைகள் பாதுகாப்பு’ பற்றிப் பயிற்சி எடுத்துக்கொண்டு போய் மற்றவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

“நீங்க போங்க சார்” என்றார் தலைமையாசிரியர். “நம்மள்ல பயப்படாத ஆளு நீங்கதான்.”

போனேன். மின்விசிறி சுற்றாத மண்டபத்தில் ஒரு பெரியவர் காலை முழுக்கப் பேசினார். எலுமிச்சை சாதம் போட்டார்கள். சாதத்துக்குப் பிறகு அவர் பேசியதில் என் காதில் விழுந்தது ஒரே ஒரு விதி. யாராவது வந்து பிள்ளையைக் கூட்டிப்போகக் கேட்டால், இவர் யார் என்று பிள்ளையிடமே கேட்க வேண்டும். உறவுமுறை சொன்னால் அனுப்பலாம். முழித்தாலோ அழுதாலோ அனுப்பக் கூடாது. எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். சுலபமாக இருந்ததால்தான் நினைவிலும் நின்றது.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு என் பயிற்சி. கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு நானே பிள்ளை பிடிக்கிறவனாக நடித்துக் காட்டினேன். டீச்சர் சிரிக்கவில்லை.

“சார், ஒரு சந்தேகம். நம்மூர்ல ஐஸ்காரனும் மாமா, சைக்கிள் கடைக்காரரும் மாமா. புள்ள மாமான்னு சொல்லிட்டா அனுப்பிடலாங்களா?”

“டீச்சர், அவ்வளவு பெரியவர் சொல்றாரு. அவருக்குத் தெரியாதா?”

“அவரு ஊர்ல மாமா கம்மியா இருப்பாங்களோ என்னமோ” என்றார் டீச்சர்.

தலைமையாசிரியர் குறுக்கே புகுந்தார். “பயிற்சிக்குப் போய்ட்டு வந்தவரை எதிர்க்கேள்வி கேக்கக் கூடாதும்மா. சோறு போட்டாங்களான்னு மட்டும் கேக்கணும்.”

எனக்குச் சுருக்கென்றது. என் பயிற்சி எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று சோதித்துப் பார்த்துவிடுவது என முடிவு கட்டினேன். தர்மபுரியில் வளையல் கடை வைத்திருந்த பாய் ஒருவர் எனக்குச் சிநேகிதர். சந்தை நாளில் காரிமங்கலத்தில் கடை விரிப்பார். அவரிடம் சொன்னேன்: சந்தையன்று காலை பள்ளிக்கு வாருங்கள், நாலாம் வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளையைக் காட்டி, நான் மாமா, கூட்டிப்போக வந்தேன் என்று கேளுங்கள். கொடுத்துவிட்டால் ரோட்டுமுனை டீக்கடைக்குக் கூட்டி வாருங்கள். நான் அங்கே இருப்பேன். மூவருமாகத் திரும்பிப் போய் டீச்சருடைய முகத்தைப் பார்க்கலாம்.

நாலாம் வகுப்பு என்னுடையது. அன்றைக்குப் போஸ்ட் ஆபீஸ் வேலை என்று சொல்லி, வகுப்பை டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். தலைமையாசிரியரிடம் மட்டும் விஷயத்தை ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தேன். அவர் அதே அளவு ரகசியமாக டீச்சரிடம் சொல்லிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

டீக்கடையில் உட்கார்ந்தேன். வரப்போகிற பிள்ளைக்கு என்று ஒரு பன் வாங்கினேன். யாரும் வரவில்லை. பன்னை நானே தின்றேன். அப்புறமும் வரவில்லை. சரி, பாய் சந்தை வியாபாரத்தில் மறந்துவிட்டார் என்று பள்ளிக்கே திரும்பினேன்.

டீச்சர் வாசலில் நின்று சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“எங்க சார், உங்க ஆளைக் காணோம்? புள்ளயக் கூட்டிட்டுப் போயி ரொம்ப நேரமாச்சே?”

“எந்த ஆளு?”

“நடிக்காதீங்க சார். எல்லாம் தெரியும். எங்களையே சோதிக்கறீங்களா? அதான், கேட்ட ஒடனே அனுப்பிட்டேன். குடிக்கத் தண்ணியும் குடுத்தேன். ‘மெதுவா வாங்க, டவுன் பூரா சுத்திக் காட்டுங்க’ன்னு சொல்லி அனுப்பிச்சேன். உங்க விதிப்படி புள்ளகிட்டயும் கேட்டேன். மாமான்னா.”

மாட்டிக்கொண்டோம் என்று நானும் சிரித்தேன். பாய் பிள்ளையைச் சந்தைக்கே கூட்டிப்போய் ராட்டினம் சுற்றவிட்டிருப்பார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மணிச்சத்தம் கேட்டது. கறுப்புக் கண்ணாடி, தலையில் துண்டு, வாயில் அணைத்த பீடி. சைக்கிளை விட்டு இறங்கினார் பாய்.

“மன்னிச்சிடுங்க வாத்தியாரே. ஒரு கல்யாண வூட்டுக்காரங்க வந்துட்டாங்க, வளையல் போட்டு முடியல. எந்தப் புள்ளயக் கேக்கறது?”

சிரிப்பை ஒருவன் எவ்வளவு சீக்கிரம் விழுங்க முடியும் என்பதை அன்று கண்டுகொண்டேன். டீச்சர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப வந்தது யாரு சார்?” என்று கேட்டார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. வாயும் திறந்துகொண்டது. “பயப்படாதீங்க டீச்சர், தண்ணி குடுத்தீங்கல்ல, நல்ல மாதிரியாத்தான் நினைச்சிருப்பான்” என்றேன். இப்படி ஒரு வாக்கியத்தை அந்த நேரத்தில் சொல்ல இந்த ஜில்லாவில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது.

எந்தப் பிள்ளை என்று கேட்டதும் டீச்சர் சொன்னார். கடைசி வரிசையில் உட்காருவாள். ஒன்பது வயசு. அப்பன் கிணறு தோண்டும் போர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன், ஆத்தாள்காரி கடலைக்காட்டில் களை வெட்டுகிறவள். டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆத்தாளே களைக்கொத்தும் கையுமாக வரப்பில் ஓடிவந்தாள்.

“சார், எம்புள்ள இருக்குதுங்களா?”

மூவரும் அவளைப் பார்த்தோம். மூவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பினோம். அதுவே பதிலாகப் போய்விட்டது.

அவள் சொன்னதைக் கோத்துப் பார்த்தால் விஷயம் இதுதான். காலையில் அவளுடைய தம்பி வந்திருக்கிறான். பெங்களூரில் ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெண் பிள்ளை கேட்கிறார்கள், சொல்லி வைத்துவிட்டேன், உன் மகளை அனுப்பு என்றானாம். முடியாது என்று இவள் சொல்லிவிட்டாள். சரி என்று சண்டை போடாமல் எழுந்து போய்விட்டான். சண்டை போடாமல் போனதுதான் அவளுக்கு உறுத்தியிருக்கிறது. களையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள்.

“பெங்களூர்ல எந்த இடம்?” என்று கேட்டேன்.

“அவனுக்கே தெரியாது சார். அங்க வேற யாரோ வந்து கூட்டிட்டுப் போறாங்களாம்.”

பிள்ளை பொய் சொல்லவில்லை. மாமாதான். பெற்றவளுடன் கூடப் பிறந்த, தாலி கட்டினாலும் ஊர் தப்புச் சொல்லாத, அசல் மாமா. தர்மபுரிப் பெரியவர் சொன்ன விதி ஒரு எழுத்துப் பிசகாமல் நடந்திருக்கிறது. பிள்ளை முழிக்கவில்லை, அழவில்லை. டீக்கடையில் இருந்த என் கண்ணில் படாமல் காட்டு வழியாகப் போயிருக்கிறார்கள். பெங்களூர் போகக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறிவிட்டால் அப்புறம் எந்த விதியும் அவளைத் தொட முடியாது.

பாய் சைக்கிளைத் திருப்பினார். “ஏறுங்க” என்றார். நான் கேரியரில் தொற்றிக்கொண்டேன். ஆத்தாள் குறுக்கே காட்டு வழியில் ஓட ஆரம்பித்தாள். தலைமையாசிரியர் பின்னாலிருந்து, “பாத்துப் போங்க சார்!” என்று கத்தினார். எதைப் பார்த்து என்று சொல்லவில்லை.

அந்தச் சைக்கிள் பயணத்தில் என் மூளை செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. என்னைக் கட்டி வைக்கப் போவது புளியமரத்திலா வேப்பமரத்திலா என்று ஒரு பக்கம் யோசனை. வேப்பமரம் என்றால் நிழலாவது நன்றாக இருக்கும் என்று மறுபக்கம். நடுவில், பேர் தெரியாத தெருவில், ஒக்கலில் அவள் எடைக்குப் பாதி இருக்கிற குழந்தையோடு அந்தப் பெண் நிற்பது வந்து வந்து போனது. அதைப் பார்க்கப் பயந்துதான் மரங்களைப் பற்றி யோசித்தேன்.

“வாத்தியாரே, இதுக்கு நடுவுல ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. என் வேஷம் நல்லா இருந்துச்சா?”

“பாய், மிதிங்க!”

சந்தை நாள் ரோடு எப்படி இருக்கும். ஆடு, கோழிக்கூடை, மண்பானை, தக்காளிக் கூடை எல்லாவற்றுக்கும் நடுவே பாய் புகுந்தார். கண்ணாடியும் தலைத்துண்டுமாக அவர் மிதிக்க, பின்னால் நான் “வழி, வழி!” என்று அலற, எங்களைத்தான் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று பிடித்திருக்க வேண்டும். சந்தை அவசரத்தில் விட்டுவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. படியில் தொங்குகிற அளவுக்குக் கூட்டம். சன்னலோரம் அவள். தலையில் புது ரிப்பன், கையில் முறுக்கு, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பக்கத்தில் ஒரு ஆள், இருபத்தைந்து வயசு இருக்கும், அவள் தோளில் கை போட்டு உட்கார்ந்திருந்தான்.

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் நகர்ந்தது. நான் சைக்கிளிலிருந்து குதித்து, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். பள்ளிக்கு உன் ஆத்தா வந்திருக்கிறது, உன்னைத் தேடுகிறது, இறங்கு என்று முழுசாகச் சொல்லத்தான் நினைத்தேன். வாழ்நாள் பூராவும் ஓயாத வாய், தேவைப்பட்ட அந்த ஒரு தடவை மூச்சில்லாமல் நின்றது. வெளியே வந்தது இவ்வளவுதான்:

“பாப்பாவுக்கு... ஆத்தா... ஆத்தா வந்திருக்கு!”

எங்கள் பக்கம் பெற்றவளும் ஆத்தாதான், மாரியம்மனும் ஆத்தாதான். உடம்பில் அம்மை போட்டாலும் ஆத்தா வந்திருக்கிறது என்றுதான் சொல்வோம். பின்சீட்டுக் கிழவி ஒருத்தி “தாயே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முன்சீட்டில் பிள்ளை வைத்திருந்தவள் வீறிட்டாள். டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

“யோவ், எறங்குய்யா!” என்று கண்டக்டர் பாய்ந்தார். “ஆத்தா வந்த புள்ளயவா சந்தைக் கூட்டத்துல ஏத்திட்டு வருவ?”

“காலைல நல்லாத்தான் இருந்துச்சுங்க...”

“கழுத்துல பாருங்க, முத்து முத்தா நிக்குது!” என்றது ஒரு குரல். வேர்க்குரு அது.

“எனக்கு ஒண்ணும் வரல!” என்று அவள் கத்தினாள். அந்த பஸ்ஸிலேயே உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான். ஒருவரும் காதில் வாங்கவில்லை. இருவரையும் தொடாமலேயே கூட்டம் நெருக்கி நெருக்கிக் கீழே இறக்கிவிட்டது.

நான் திருத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவனும் பயந்துவிட்டான், அவள் தோளிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்தான். அந்த இடைவெளியில் பாய் தன் சைக்கிளை இருவருக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். வேஷம் இல்லாதபோதுதான் அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

“வாத்தியாரா நீங்க?” என்றான் அவன். “அங்க மூணு வேளையும் அரிசிச் சோறு சார். இங்க இருந்து என்னத்தக் கண்டுச்சு?”

அதற்குள் பதில் சொல்கிறவள் வந்து சேர்ந்தாள். காலெல்லாம் முள் கீறல், களைக்கொத்தை விடவே இல்லை.

“அரிசிச் சோறா? நீ போயி தூக்குடா அந்தக் கொழந்தைய! ஒனக்கும் ரெண்டு கை இருக்குதில்ல?”

“அக்கா, சொல்லி வச்சிட்டேன்க்கா...”

“என்னக் கேட்டுட்டா சொல்லி வச்ச?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கண்டக்டர் அவனை மட்டும் ஏற்றிக்கொள்ளவும் மறுத்துவிட்டார். பஸ் போனது. அவன் தர்மபுரிப் பக்கமாக நடக்க ஆரம்பித்தான்.

இதோடு கதை இனிப்பாக முடிந்திருக்கும், அந்தப் பெண் ஆத்தாளைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால். அவள் அழுதாள்தான், ஆனால் பஸ் போன திசையைப் பார்த்து. “நான் போவேன்! அங்க டிவி இருக்குதாம்! மாமா சொல்லுச்சு!” ஆத்தாள் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். வைத்த கையாலேயே ரிப்பனைச் சரிசெய்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“சார், யாரு கேட்டாலும் புள்ளகிட்ட கேட்டு அனுப்புவீங்களா? அது கொழந்தைங்க. முறுக்கு குடுத்தா யார் கூடவும் போவும். என்னக் கேளுங்க.”

தர்மபுரி மண்டபத்தில் காலை முழுக்க உட்கார்ந்து நான் கற்காததை அவள் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டாள் என்றெல்லாம் உருக மாட்டேன். அவள் பாடம் எடுக்கவில்லை, என்னைத் திட்டினாள். நான் “சரிங்க” என்றேன். ஜோக்கு வரவில்லை.

மறுநாள் மூவரும் உட்கார்ந்து விதியை மாற்றினோம். யார் என்று கேட்பதோடு நிற்பதில்லை. பெற்றவளோ பெற்றவனோ சொல்லி அனுப்பினார்களா என்று ஆள் விட்டு விசாரிக்காமல், மாமா என்ன, தாத்தாவே வந்தாலும் வாசலில் உட்கார வைப்பது. சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார் தலைமையாசிரியர். “வரட்டும் சார், நான் நிக்கறேன்” என்றார் டீச்சர். என்னைப் பார்க்காமல் சொன்னார். இனி யாரையும் சோதிப்பதில்லை என்று நானும் சொன்னேன். யாரும் பாராட்டவில்லை.

அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வந்தாள். ஆஜர் எடுத்தேன். அவள் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அந்தப் புது ரிப்பனோடு சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெங்களூரைக் கெடுத்தவன் நான் அல்லவா.

“சார், அவ இருக்கா சார். வேணும்னேதான் பேச மாட்டேங்கறா” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“தெரியும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.