ஆமைக்குச் செய்த பச்சைத் தட்டு

"அண்ணே, நர்ஸம்மா ஒங்கள வெரசா கூட்டியாரச் சொன்னாக. ஆமைக்கு முடியல."

போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்ட ஆஸ்பத்திரியின் ஜீப்பு டிரைவர் இப்படி வந்து நின்றார். எழுபதுகளின் கடைசி, சாரல் காலம். போடியில் நான் சூளை போட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஆமைக்கு முடியவில்லை என்றால் மாட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதானே, மண் பிசைகிறவன் எதற்கு என்று சிரித்துக்கொண்டேதான் ஏறினேன். மூன்றாவது வளைவில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஆமை சாப்பிடுவது நான் செய்த தட்டில்.

நர்ஸ் லீலாம்மா மலையாளத்துக்காரர், தனியாக இருந்தவர். துணைக்கு முதுகில் நட்சத்திரம் போட்ட தரை ஆமை ஒன்று. முதலில் வெறும் மண்தட்டுதான் கொடுத்தேன். தக்காளிச் சாறு மண்ணில் ஊறி, கழுவினாலும் நாற்றம் போகவில்லை என்றார். வழவழவென்று கிளேஸ், அதாவது கண்ணாடிப் பூச்சு, போட்டுத் தருகிறேன் என்றது நான்தான். ஏலக்காய்ப் பச்சையில் கேட்டார்.

இங்கே என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். சாரலில் விறகு நமுத்துப்போகும். சூளையில் சூடு ஏறாது, கிளேஸ் உருகாது. பெயிண்ட் கடைச் சிவப்பு ஈயப்பொடியைக் கூடுதலாகக் கலந்தால் குறைந்த சூட்டிலேயே உருகி ஓடும். பச்சை நிறத்துக்குச் செம்புத்தூள் போட்டேன். செம்பு சேர்ந்தால், புளிப்பு பட்டதும் ஈயம் இன்னும் சுலபமாகக் கழன்று வரும் என்பது அப்போது தெரியாது. ஈயம் விஷம் என்பது தெரியும். வெந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அதே பூச்சோடு அதே சூளையில் பன்னிரண்டு தயிர்க்கிண்ணங்களும் வெந்தன. சந்தையில் அத்தனையும் விற்றுப்போயின.

லீலாம்மாவின் குவார்ட்டர்ஸில் ஆமை கண்ணை மூடிக் கிடந்தது. பின்கால்கள் இழுத்துக்கொண்டிருந்தன.

"தட்டுல என்ன பூசினீங்க அண்ணே?"

"கண்ணாடிப்பொடி, மண்ணு. வேறென்ன? நீங்க மருந்தடிச்ச கீரையப் போட்டிருப்பீக" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தார். முந்தின நாளே அதில் புளித்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். அதை ஒரு டம்ளரில் சாய்த்தார். தண்ணீர் நின்ற இடமெல்லாம் பளபளப்பு செத்து வெளுத்திருந்தது. டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"சுத்தமான மண்ணுதானே? குடிங்க, கேட்டோ."

கை நீண்டது. டம்ளரை வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஈயம்" என்றேன்.

அவர் திட்டவில்லை. "இதே சூளையில வேற என்ன வச்சீங்க?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாளிலிருந்து ராசிங்காபுரம், பொட்டிபுரம் என்று கிண்ணங்களைத் தேடி அலைந்தேன். "வித்த பண்டத்தத் திரும்பக் கேக்குற ஏவாரிய இப்பத்தேன் பாக்குறேன்" என்று ஒரு அம்மா சிரித்தார். அவர் கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாய் இருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் விசாரிக்க மலையேறிய அன்றுதான் ஆமை செத்தது. லீலாம்மா குழி வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கேட்டேன். தரவில்லை.

மண் வேலைக்கு வரும் பிள்ளைகளே, பளபளப்பு மங்காவிட்டாலும் ஈயம் இறங்கும். தின்கிற பாத்திரம் மனுஷனுக்கானாலும் ஆமைக்கானாலும், அந்தப் பொடியைப் பட்டறை வாசலிலேயே நிறுத்துங்கள். வெறும் மண்தட்டு நாறினால் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவையுங்கள், போகாவிட்டால் உடைத்துவிட்டு வேறு செய்து கொடுங்கள். எனக்கு அது பெரிய வேலையே இல்லை. செய்திருக்கலாம்.

கிண்ணங்களில் பதினொன்று திரும்பி வந்தன. பன்னிரண்டாவதை வாங்கியவள் இடுப்பில் கைப்பிள்ளையோடு ஜீப்பில் மலையேறிப் போனாள் என்று மட்டும் சந்தையில் சொன்னார்கள். லயன் லயனாக ஆறு மாதம் தேடினேன். கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும், இருந்தால்.