ஜவாஹிர் கடையில் சொல்லாத சொல்

“ஞானேஸ்வரி மயில்வாகனம். பிறந்த இடம்: யாழ்ப்பாணம். தொழில்: இல்லை” என்கிறது பொலிஸ் பதிவு. வடக்கிலிருந்து வந்து கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் வீடெடுத்தவரைப் பதிய வந்த சார்ஜன்ட் நல்ல மனிதர்தான். கம்பியூட்டருக்கு மென்பொருள் எழுதி விற்கிறேன் என்றதும், விற்கும் சரக்கைக் காட்டச் சொன்னார். மேசைக்குக் கீழும் குனிந்து தேடினார். பிறகு மனவருத்தத்தோடு ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்.

தொழில் இல்லாதவருக்குக் காலையிலேயே வேலை தொடங்கிவிடும். மின்சாரத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. நாலு வரி எழுதுவார், சேமிப்பார், மின்விசிறி சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். கம்பியூட்டரோடு பேச்சுவார்த்தையும் உண்டு. ஒழுங்காக ஓடினால், “எட மோனே!” மக்கர் பண்ணினால், “ஐயா, நீங்கள் இப்ப என்ன செய்யிறியள்?” கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ‘ஐயா’ காதில் விழுந்ததுமே தொழில் பங்காளி பஸீஹா தேத்தண்ணி வைக்க எழும்பிவிடுவார்.

கம்பனியே இவர்கள் இருவர்தான். முதல் வாடிக்கையாளர், அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பஸீஹாவின் மாமா ஜவாஹிர். அவர் சரியென்றால் ஊர்க் கடைகள் பின்னால் வரும். வேண்டாமென்றால் கம்பனிக்குப் பூட்டு, ஞானேஸ்வரிக்குக் கனடா. அங்கே அண்ணன் எல்லா ஏற்பாட்டோடும் காத்திருக்கிறார். “அந்தக் குளிருக்குள்ள போய் நான் என்னத்தை எழுதுறது?” என்பது தங்கையின் கட்சி.

அக்குறணைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி. சிப்பாய் மென்பொருள் இருந்த பிளாப்பி வட்டைக் காதோரம் ஆட்டிப் பார்த்து, உள்ளே என்னவென்று கேட்டார். “ஒரு ஹார்ட்வெயார் கடை” என்றார் ஞானேஸ்வரி. அன்று முதல் அவரைக் கண்டால், கடை எப்படிப் போகிறது என்று சிப்பாய் அக்கறையாக விசாரிப்பார்.

கடை நன்றாகப் போகவில்லை. மென்பொருளைப் போட்ட கிழமையே ஜவாஹிர் ஞானேஸ்வரியைக் கூப்பிட்டார்.

“மகள், இந்தப் பொட்டியத் திருப்பி எடுங்க.”

“கணக்குப் பிழையோ, மாமா?”

“கணக்கு சரி. வாய்தான் சரியில்ல. ஒராள் பூட்டுக் கேட்டு வந்த. ‘இல்லை’ன்டு பொட்டி செவப்புல காட்டிய. பாத்துட்டுப் போய்ட்டார்!”

“பூட்டு இல்லைத்தானே?”

“பக்கத்து ராஜலிங்கத்துட கடையில ஈக்கே! ‘கொஞ்சம் ஈங்க, தேத்தண்ணி குடிங்க’ன்டு செல்லி, அங்கால எடுத்துக் குடுக்கிய. அவருக்குப் பெயின்ட் முடிஞ்சா இங்க வார. வாப்பாட காலத்துல ஈந்து இந்தக் கடையில அந்தச் சொல்லு செல்லினதில்ல.”

“பக்கத்துக் கடைச் சாமானை உங்கட எண்டு காட்டினால் அது பொய்யெல்லோ?”

“அப்ப அவர்ட்டயே கேட்டுக்கோங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் ஜவாஹிர்.

ஞானேஸ்வரி அடுத்த வாசலுக்குப் போனார். ராஜலிங்கம் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்கட சாமானையும் அந்தப் பெட்டிக்குள்ள போடட்டோ?”

“தாராளமா போடுங்கம்மா. எண்பத்திமூணு கலவரத்துல என் சாமான் பூரா அவரு கடைக்குள்ளதான இருந்துச்சு. அப்ப யாரு கேட்டா?”

இப்போது பூட்டு முடிந்தால், “ராஜலிங்கம் கடையில் உண்டு. கொஞ்சம் இருங்க, தேத்தண்ணி குடிங்க” என்று பச்சையில் வருகிறது. “இப்பதான் கடக்காரன் மாதிரிப் பேசிய” என்று சொல்லி, ஜவாஹிர் மேலும் மூன்று கடைக்காரர்களை அனுப்பிவைத்திருக்கிறார். கனடாவில் அண்ணன் இன்னும் காத்திருக்கிறார்.

ஞானேஸ்வரி செய்தது இவ்வளவுதான்: பக்கத்துக் கடையைச் சேர்த்தார், ‘இல்லை’யை அழித்தார், சேமித்துவிட்டு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.