கேட்டால்தான் சொல்வார் ரெங்கசாமி

மைதா மாவை உள்ளங்கையில் எடுத்து இடது புருவத்தை நோக்கி மெல்ல ஊதிக்கொள்கிறார் ரெங்கசாமி. கண்ணாடியில் பார்க்கிறார். போதவில்லை. காது மடலுக்குப் பின்னால் கொஞ்சம், முன்கை ரோமத்தில் கொஞ்சம். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விதவிதமாக இருமிப் பார்க்கிறார். முதல் இருமல் பொய் என்று அவருக்கே தெரிகிறது. அடுத்தது தேவலை. அதற்கடுத்த இருமலுக்குப் பக்கத்து வீட்டுச் சீனர் சுவரைத் தட்டுகிறார். “இதான்” என்று திருப்தியோடு சட்டைப் பொத்தானைப் போடுகிறார்.

“பூரிக்கு வச்ச மாவு லா அது,” என்கிறார் அடுப்படியிலிருந்து அவருடைய மனைவி அமுதவள்ளி. “மூஞ்சியில பூசுறதுக்கா வாங்கினேன்?”

“கலை, அமுதா. உனக்குப் புரியாது.”

“கலைக்குத் தனியா மாவு வாங்கிக்கச் சொல்லுங்க.”

ரெங்கசாமிக்கு ஒரு நோயும் இல்லை. தொழிற்சாலைப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. சில சனிக்கிழமைகளில் ரயில் ஏறிப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போய், அங்கே ஒரு பயிற்சி மையத்தில் நோயாளியாக இருந்துவிட்டு வருவார். செய்யும் வேலையால் மனிதருக்கு வரும் நோய்களை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி வராமல் தடுப்பது என்று கிளினிக் டாக்டர்களுக்கும் தாதியருக்கும் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். படித்து முடித்தவர்களுக்கு மறுபடியும் பாடம். அவர்கள் பழகிப் பார்க்க ஒரு பாவனை நோயாளி வேண்டும். அந்த வேடம் நம்மவருக்கு.

கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். இன்று அவர் ரொட்டித் தொழிற்சாலைத் தொழிலாளி. மாவுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல், இரவானால் இழுப்பு. எதிரே உட்காரும் டாக்டரிடம் இருமலைச் சொல்லலாம், இழுப்பைச் சொல்லலாம், தூக்கம் கெட்டதைச் சொல்லலாம். என்ன வேலை பார்க்கிறார் என்பதை மட்டும் கேட்டால்தான் சொல்ல வேண்டும். கேட்கவில்லையா, கொடுத்த மருந்தை வாங்கிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். பயிற்சியின் உயிரே அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

பாவம் ரெங்கசாமி. பேருந்தில் ஏறுகிறவர் நேரம் கேட்டால் தன் மருமகன் வாங்கிய காரின் நிறம் வரைக்கும் சொல்லி இறக்கிவிட்ட மனிதர். அவர் வாயைக் கட்டிப்போட்டால் உண்மை வேறு வழியாக ஒழுகும். அதற்குத்தான் புருவத்து மாவு. டாக்டர் கேட்காமலே இருந்தால், “ரொட்டியப் பாத்தாலே பயமா இருக்கு பாஸ்” என்று கூரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்.

பயிற்சியை நடத்தும் டாக்டர் ரோகிணி தலையில் கை வைப்பார். “அங்கிள், க்ளூ கொடுக்காதீங்க லா. இவங்க கிளினிக்குக்கு வர்ற ஆளு புருவத்துல மாவு பூசிக்கிட்டா வருவான்?”

“பூசாம வர்றதுனாலதான் டாக்டர் யாருக்கும் தெரியறதில்ல.”

“அப்புறம் அழறீங்க. கார்டுல அழுகையே இல்ல.”

“கார்டு எழுதினவரு மறந்திருப்பாரு.”

ரோகிணியால் அவரைக் கோபிக்கவும் முடியாது. ரெங்கசாமியைக் கண்டெடுத்தவரே ரோகிணிதான். கோயில் திருவிழா நாடகங்களில் ரெங்கசாமி சாகிற வேடங்களுக்குப் பேர் போனவர். ஒரு தடவை அம்பு பட்டு விழுந்தவர், உயிர் போவதற்குள் மகனுக்குப் புத்தி சொல்லி, எதிரியை மன்னித்து, தண்ணீர் கேட்டுக் குடித்து, மறுபடியும் விழுந்தார். அடுத்த காட்சிக்கு வர வேண்டிய அரசர் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் இருந்த ரோகிணி, இவ்வளவு ஆர்வமாக நோவு படுகிற ஆளை விடக்கூடாது என்று அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்.

ரெங்கசாமியின் கலைவாழ்வில் ஆறாத வடு ஒன்று உண்டு. அதன் பெயர் டாக்டர் இம்ரான். பிரிக்பீல்ட்ஸிலேயே கிளினிக் வைத்திருக்கும் இளைஞர், தங்கமான பிள்ளை. பயிற்சியில் அவர் எதிரே ரெங்கசாமி இருமினார், இழுத்தார், கண்ணீர் விட்டார், புருவத்தை அவர் மூக்கருகே கொண்டுபோய்க் காட்டினார். இம்ரான் உற்றுப் பார்த்தார். பிறகு இருமலுக்கு ஒரு சிரப்பும் பொடுகுக்கு ஒரு ஷாம்பூவும் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கதையை ரெங்கசாமி சொல்லக் கேட்காதவர் அந்த வட்டாரத்தில் இல்லை. “ஒரு வார்த்தை, என்ன வேல பாக்குறீங்கன்னு ஒரு வார்த்தை. கேட்டா குறைஞ்சா போயிடுவாரு?” என்று முடிப்பார்.

அவர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள் விசித்திரமாகப் படும். துணி துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் ரெங்கசாமிதான். இன்னொன்று, சுவரோரம் அணிவகுத்து நிற்கும் தண்ணீர்ப் போத்தல்கள். இரண்டுக்கும் காரணம் அமுதவள்ளியின் கைகள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சிவந்து, தோல் தடித்து, மீன் செதில்போல் வெடித்திருக்கும். எப்போதோ ஒரு கிளினிக்கில் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அன்றே ரெங்கசாமி மனைவியின் கையிலிருந்து சோப்பைப் பிடுங்கிக்கொண்டார். புண் ஆறவில்லை. பிறகு ஈப்போவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் அமுதவள்ளி கொஞ்ச நாள் தங்கினார். கை குழந்தையின் கைபோல் ஆகிவிட்டது. திரும்பி வந்ததும் பழைய கதை. ஈப்போத் தண்ணீரின் மகிமையே மகிமை என்று தீர்மானித்து, அங்கிருந்து வருகிறவர்களிடமெல்லாம் போத்தல் போத்தலாக வரவழைத்து மனைவியின் கைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார் இந்த உத்தமர்.

அமுதவள்ளி கோயில் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கிறார். வருகிறவர்கள் எதிரே கையை மடியில் துண்டுக்குள் ஒளித்துக்கொள்வார். மாலையைத் துண்டோடு சேர்த்தே எடுத்து நீட்டுவார். சாமிக்குப் போகிற பூ. புண்ணுள்ள கை கட்டியது என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்?

அடுத்த மாதம் ரெங்கசாமிக்குப் புது அட்டை வந்தது. சிமெண்ட் பூசும் தொழிலாளி, கையெல்லாம் புண். அன்று அவர் அழவில்லை, பெருமூச்சு விடவில்லை. கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் பார்க்காத நேரத்தில் ஒரு கையின் முட்டியால் மறு கையைத் தேய்த்தார். தேநீரைக் கைக்குட்டையோடு சேர்த்துப் பிடித்தார். எதிரே இருந்த டாக்டரம்மா தானாகவே, “கை எப்படி ஆச்சு அங்கிள், என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார். முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.

“பிரமாதம் அங்கிள்,” என்றார் ரோகிணி. “கையை ஒளிக்கிறது கார்டுல இல்லையே, எங்கே பிடிச்சீங்க?”

“எங்க வீட்டம்மா டாக்டர். அவங்க அப்படித்தான் ஒளிப்பாங்க. நான் அப்படியே எடுத்துப் போட்டுட்டேன்.”

“அவங்க கைக்கு என்ன?”

“புண்ணு. சோப்பு ஒத்துக்கல.”

ரோகிணி சாதாரணமாகத்தான் கேட்டார். “அவங்க என்ன வேலை பாக்குறாங்க?”

“பூக்கட்டு…” என்று ஆரம்பித்தார் ரெங்கசாமி.

நாடகமாக இருந்தால் இந்த இடத்தில் சிவப்பு விளக்கு போட்டு இடி இடித்திருப்பார்கள். பெட்டாலிங் ஜெயாவில் கறிபாப் பலகாரத் தட்டுதான் வந்தது. எல்லாரும் எழுந்து தட்டைச் சுற்றிக்கொண்டார்கள். ரெங்கசாமி மட்டும் உட்கார்ந்தே இருந்தார். ஈப்போவில் அமுதவள்ளி பூவைத் தொடவில்லை என்பது, அத்தனை போத்தல் தண்ணீருக்குப் பிறகு, அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வருகிற டாக்டரையெல்லாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று ஊர் முழுக்கத் தூற்றிய மனிதர். மனைவியின் கையைப் பார்த்து நடித்துக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

டாக்டரிடம் போகலாம் என்று வீட்டில் அவர் கூப்பிட்டதற்கு அமுதவள்ளி அசைந்து கொடுக்கவில்லை. “பூன்னு சொன்னா பூவை விடுன்னுதான் சொல்வாங்க. கடையை மூடிட்டு உங்க இருமலைக் கேட்டுக்கிட்டு உக்காரணுமா?”

“விடச் சொல்லலேன்னா?”

“சொன்னா?”

ரெங்கசாமி வாளியில் ஊறிய துணிகளை எடுத்துக் கும்மத் தொடங்கினார். கும்மிய வேகத்தில் தண்ணீர் அடுப்படி வரை தெறித்தது. கடைசியில் அமுதவள்ளியே இறங்கி வந்தார். “வரேன். ஆனா நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அவங்களா கேட்டா சொல்றேன். கேக்கலேன்னா மருந்தை வாங்கிட்டு வந்துடணும்.”

அந்தச் சட்டம் ரெங்கசாமிக்குப் பழக்கமானதுதான். நிஜ நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருக்கும் கிளினிக் எதுவென்று சொல்லத் தேவையில்லை. கிளம்பும்போது மனைவிக்குத் தெரியாமல் பூக்கூடையிலிருந்து ஒரு மஞ்சள் செவ்வந்தியைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறவிக் குணம்.

இம்ரான் அவரைப் பார்த்ததும் மலர்ந்தார். “வாங்க அங்கிள், இன்னைக்கு என்ன நோய்?”

ரெங்கசாமி உதட்டை இறுக்கிக்கொண்டு மோவாயால் மனைவியைக் காட்டினார்.

“அங்கிளுக்குத் தொண்டை கட்டிடுச்சா?”

“அவருக்குத் தொண்டைக்கு ஒண்ணும் வராது டாக்டர்,” என்றார் அமுதவள்ளி. “எனக்குத்தான் கை.” கைப்பையின் கீழிருந்து ஒரு கையை மட்டும் பாதி நீட்டினார்.

இம்ரான் விளக்கை இழுத்துப் பார்த்தார். “எவ்வளவு நாளா? சோப்பு மாத்தினீங்களா?” பதில்களைக் கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்தார். களிம்பின் பெயரைப் பாதி எழுதிவிட்டார். ரெங்கசாமியின் கை சட்டைப்பைக்குள் நுழைந்தது. செவ்வந்தி விரல்களுக்கிடையே நசுங்கியது.

பேனா நின்றது. இம்ரான் அதை மூடிக் கீழே வைத்தார்.

“கேக்காம எழுதறேன் பாருங்க. ஆன்டி, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

அமுதவள்ளி கணவரைப் பார்த்தார். அவர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூக்கட்டுறேன்.”

“லீவு போட்டா குறையுதா?”

“ஈப்போ போனா குறையுது. அங்க தண்ணி நல்லா இருக்கும்.”

“அங்கேயும் கட்டுவீங்களா?”

“இல்ல. தங்கச்சி வீட்ல சும்மா…” அமுதவள்ளி நிறுத்தினார். அடுத்து அவர் கேட்டது மெதுவாக வந்தது. “கடையை விடணுமா டாக்டர்?”

“யாரு சொன்னா? எந்தப் பூன்னு மொதல்ல பாக்கணும். தோல் டாக்டர்கிட்ட அனுப்பறேன், எது ஒத்துக்கலேன்னு தெரிய முதுகுல மருந்து ஒட்டிப் பாப்பாங்க. எனக்குச் செவ்வந்தி மேலதான் சந்தேகம். அதுதான்னா அதை மட்டும் வேற யாராவது கட்டட்டும், நீங்க மல்லியைக் கட்டுங்க. கையுறை பத்தியும் பேசுவோம்.”

அமுதவள்ளி கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் மேசைமேல் விரித்தார்.

ரெங்கசாமி சட்டைப்பையிலிருந்து நசுங்கிய செவ்வந்தியை எடுத்து, மேசையோரத்துக் குப்பைக்கூடையில் ஓசைப்படாமல் போட்டார். பிறகு காலை நீட்டி, அந்தக் கூடையை மனைவியிடமிருந்து எட்டும் மட்டும் தள்ளிவைத்தார்.