ஸாலிஹா கியோட்டோ பார்த்த நாள்

சாய்ந்தமருதில் வேன் நளீமைத் தெரியாதவர்கள் குறைவு. உம்றாப் பயணிகளைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏற்றிப் போவதும், கல்யாண வீட்டாரைக் காத்தான்குடிக்குக் கொண்டுபோய் இறக்குவதும், கண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிறவர்களை வாசலில் வந்து ஹோன் அடித்து எழுப்புவதும் அவர்தான். அறுகம்பைக்கு வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கியே இங்கிலீசும் ஒருமாதிரிப் பழகிவிட்டார். அவருடைய மனைவி ஸாலிஹாவை ஊருக்கு அவ்வளவாகத் தெரியாது. வேன் வாசலை விட்டுப் போகும்போது கேற்றைத் திறந்துவிடுகிறவள், வரும்போது மறுபடியும் திறக்கிறவள் என்ற அளவில்தான் பலர் அவளைக் கண்டிருக்கிறார்கள்.

மகள் பஸ்மினா ஜப்பானில் நகோயாவில் இருந்தாள். அவளுடைய கணவன் முஸ்தாக்குக்குப் பழைய வாகனங்களைக் கப்பலேற்றும் யார்ட் ஒன்றில் வேலை. மகளுக்குத் தலைப்பிள்ளை என்றதும் ஸாலிஹா பிள்ளைப்பேறு பார்க்கப் புறப்பட்டாள். ஆயுளில் முதல் முறையாக வேனைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு நளீமும் கூடப் போனார்.

பிள்ளை பிறந்து நாற்பது கழிந்து, ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கியபோது பஸ்மினா சொன்னாள். "உம்மா, வந்ததில இரிந்து நீங்க குசினியும் புள்ளட தொட்டிலும்தான் பாத்திரிக்கீங்க. கியோட்டோவ ஒருக்காப் பாத்திட்டுப் போங்க. அந்தக் காலத்து ராசாக்கள் இரிந்த ஊர்."

முஸ்தாக்குக்கு லீவு கிடைக்கவில்லை. கைக்குழந்தையோடு பஸ்மினாவாலும் போகமுடியாது. அதனால் ஒரு நாளைக்குச் சாரதியோடு கார் ஒன்றை ஒழுங்கு செய்தார்கள்.

"ட்றைவருக்கே ட்றைவரா?" என்று நளீம் சிரித்தார். ஆனால் முதல்நாளே சேர்ட்டை அயன் பண்ணி வைத்துக்கொண்டார்.

முஸ்தாக் அவர்களைக் காலை ரயிலில் ஏற்றிவிட்டான். கியோட்டோ ஸ்டேசன் வாசலில், நளீமின் பெயரை இங்கிலீசில் எழுதிய அட்டையோடு கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்ட ஒருவர் நின்றார். பெயர் மொறிட்டா. நளீமின் வயதுதான் இருக்கும். இருவரையும் கண்டதும் இடுப்பு வளையக் குனிந்தார். நளீம் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார்.

கார் கறுப்பு நிறம். கண்ணாடிபோலத் துடைத்திருந்தது. நளீம் நேரே முன்கதவுக்குப் போனார். மொறிட்டா குறுக்கே வந்து, கெஞ்சுவதுபோலப் புன்னகைத்து, பின்கதவைக் காட்டினார். விருந்தாளிகளுக்குப் பின்சீட்தான் என்று இங்கிலீசில் சொன்னார்.

நளீமுக்குக் கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சிக்னலைக் கார் நெருங்கும் போதெல்லாம் அவருடைய வலது பாதம் தரையை அமத்தியது. "இவர் பிரேக் பிடிக்கிற விதமே தெரியுதில்ல புள்ள. வெண்ணெய் மாதிரிக் கொண்டுபோறார்." "நம்மட நாட்டு மாதிரி இடது பக்கம்தான் ஓடுறாங்க, பாத்தயா?" "இஞ்ச ஒருத்தனும் ஹோன் அடிக்கான் இல்ல." ஸாலிஹா ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றாள். அவள் வெளியில் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்த்திகை மாதக் குளிரில் தெருவோர மரங்கள் சிவந்து நின்றன. ஒடுங்கிய மர வீடுகளின் வாசல்களில் பெண்கள் விளக்குமாற்றால் இலை கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மனம் நிறைந்திருந்தது. கணவர் பக்கத்தில் இருந்தார்.

முதலில் ஒரு பழைய கோட்டைக்குப் போனார்கள். உள்ளே மண்டபத்தில் நடக்க நடக்கத் தரைப்பலகைகள் குருவிபோலக் கீச்சிட்டன. எதிரி பதுங்கி வந்தால் அரசனுக்குத் தெரிந்துவிடுமாம், என்று மொறிட்டா சொன்னதை நளீம் தமிழில் சொன்னார்.

"எங்கட பின்கதவும் இப்பிடித்தான் கத்திற" என்றாள் ஸாலிஹா. "எண்ணெய் போடுங்க எண்டு எத்தின வருசமாச் சொல்லுற."

நளீம் அதை மொறிட்டாவுக்கு மொழிபெயர்த்தார். மொறிட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மத்தியானம் ஆற்றங்கரையில் காரை நிறுத்தினார்கள். மொறிட்டா டிக்கியிலிருந்து நீலப் படங்கு ஒன்றை எடுத்துப் புல்லில் விரித்துவிட்டுத் தூரப்போய் நின்றுகொண்டார். தொழவேண்டும் என்று பஸ்மினா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். நளீம் போனில் கிப்லாத் திசையைப் பார்த்தார். பயணம் என்பதால் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதார்கள். பிறகு ஸாலிஹா கொண்டுவந்த தேங்காய் ரொட்டியையும் மாசிச் சம்பலையும் திறந்தாள். மொறிட்டாவையும் கூப்பிட்டு இருத்தினார்கள். ஒரு துண்டு சம்பலோடு வாயில் வைத்ததும் அவருடைய நெற்றியில் வேர்வை பூத்தது. தண்ணீர் குடித்தார், மூக்கைத் துடைத்தார், இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்.

அப்போதுதான் நளீம் தானும் சாரதி என்பதைச் சொன்னார். போனில் வேனின் படத்தைக் காட்டினார். மொறிட்டாவின் முகமே மாறிவிட்டது. அதற்குப் பிறகு அவர் பின்கதவை ஸாலிஹாவுக்கு மட்டும் திறந்தார். முன்கதவை நளீமுக்குத் திறந்தார்.

ஸாலிஹா பின்சீட்டில் தனியாக ஏறினாள்.

முன்னால் இருவரும் கதைத்துக்கொண்டே போனார்கள். டயர் எத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்றுவது, மழையில் எந்தப் பிரேக் நல்லது, மலை இறக்கத்தில் எந்தக் கியர். தெரியாத இங்கிலீசைக் கையால் நிரப்பிக்கொண்டார்கள். கார் ஊரின் மேற்குப் பக்கமாகப் போய், மலையடிவாரத்தில் அகன்ற ஆறு ஒன்றின் அருகே நின்றது. நீண்ட பாலம், அதற்கு அப்பால் மூங்கில் காடு. சனம் நிறைந்திருந்தது.

இறங்கியதும் மொறிட்டா பொனெற்றைத் திறந்து எதையோ காட்டத் தொடங்கினார். நளீம் உள்ளே குனிந்தார். நிமிர்ந்தபோது ஸாலிஹாவைக் காணவில்லை.

முதலில் அவர் பயப்படவில்லை. கடைப்பக்கம் பார்த்தார், பாத்றூம் பக்கம் பார்த்தார். பிறகு அவளிடம் போன் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. முஸ்தாக்கின் இலக்கமும் அவளுக்குப் பாடமில்லை. இங்கிலீசும் தெரியாது. நளீம் பாலத்தில் ஏறி அந்தப்பக்கம் ஓடினார். திரும்பி இந்தப்பக்கம் வந்தார். மொறிட்டா கையுறையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு ஒவ்வொரு கடைக்குள்ளும் ஏறி இறங்கினார். பிறகு சனத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த காவலாளி ஒருவரைக் கூட்டிவந்தார்.

காவலாளி கேட்டதை மொறிட்டா நளீமிடம் திருப்பிக் கேட்டார். என்ன நிறத்தில் உடுத்திருக்கிறார்?

"பிளாக்" என்றார் நளீம். அபாயா கறுப்புத்தான்.

தலையில்?

நளீம் யோசித்தார். காலையில் கண்ணாடிக்கு முன்னால் அவள் ஊசி குத்திக்கொண்டு நின்றது நினைவிருந்தது. ரயிலில் பக்கத்தில் இருந்தது நினைவிருந்தது. ஸ்காப்பின் நிறம் மட்டும் வரவில்லை.

மொறிட்டா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு காவலாளியின் பக்கம் திரும்பி ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டு, நளீமுக்கும் மெல்லச் சொன்னார். பச்சை. சின்னச் சின்ன வெள்ளைப் பூ.

நளீம் அதன்பிறகு ஓடவில்லை. கரையோரமாகப் பச்சை நிறத்தைத் தேடிக்கொண்டே நடந்தார். பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீருக்கு இறங்கும் கற்படியில் ஸாலிஹா இருந்தாள். முன்னால் நீளமான படகு ஒன்றை ஒருவன் கம்பால் ஊன்றிக்கொண்டு போனான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அல்லாஹ்வே, எங்க போன நீ? எவ்வளவு தேடின நாங்க."

"நான் எங்கயும் போகல்ல. இஞ்ச இரிந்தா காரும் தெரியிது, பாலமும் தெரியிது. நீங்க அங்கயும் இஞ்சயும் ஓடினதையும் பாத்த."

"பாத்திட்டுமா கூப்பிடல்ல?"

"எவ்வளவு நேரத்தில என்னத் தேடுவீங்க எண்டு பாத்திட்டிரிந்த."

நளீம் அவளுக்குப் பக்கத்தில் கல்லில் இருந்தார். மூச்சு வாங்கியது. தூரத்தில் மொறிட்டா அவர்களைக் கண்டதும் நின்று, காவலாளிக்குக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு, காருக்கே திரும்பிப் போனார்.

"கோவமா?" என்று நளீம் கேட்டார்.

"கோவமில்ல. காலையில நான் எவ்வளவு சந்தோசமா இரிந்த தெரியுமா? கலியாணம் முடிச்ச நாளையில இரிந்து ஒங்கட வேனில நான் பின்னாலதான். முன்னால ஒங்கட வாப்பா, இல்லாட்டி காக்கா, இல்லாட்டி ஹயருக்கு வந்த ஆம்புளயள். எந்தப் பயணம் போனாலும் ஒங்கட பிடரியத்தான் நான் பாத்த. இண்டைக்குத்தான் பக்கத்தில இரிந்தீங்க. அதுவும் அரைநாள்."

"சொல்லியிரிக்கலாமே" என்றார் நளீம்.

"ஆரிட்டச் சொல்லுற? பிடரிக்கிட்டயா?"

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

காருக்கு வந்ததும் மொறிட்டா முன்கதவைத் திறக்கப் போனார். நளீம் கையால் மறித்துப் பின்கதவைத் தானே திறந்தார். மலைச்சரிவில் இருந்த பெரிய கோயில்தான் அடுத்த இடம். படிகள் அதிகம், முழங்கால் ஏலாது என்று ஸாலிஹா சொன்னாள். ஏறவேண்டாம், ஊரைச் சும்மா சுற்றிக் காட்டினால் போதும் என்று நளீம் சொன்னார். மொறிட்டா காரை மெதுவாகப் பழைய தெருக்களுக்குள் விட்டார். மரத்தட்டிகள் போட்ட வீடுகளில் மாலை விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

ஒரு சிக்னலில் கார் நின்றபோது ஸாலிஹா சொன்னாள். "ஒரு விசயம் சொல்லட்டா?"

"சொல்லு புள்ள."

"பஸ்மினாக்குப் பிறகு அந்த ஆம்புளப் புள்ள. அம்பாறைக்குக் கொண்டுபோன நாள்."

நளீம் அவள் பக்கம் திரும்பினார். அந்தப் பிள்ளையைப் பற்றி அவர்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. நோவெடுத்து, நளீமும் அவருடைய மூத்த சகோதரர் கச்சிமுகம்மதுவும் ஸாலிஹாவை அம்பாறை ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனார்கள். அங்கே பிள்ளை இறந்தே பிறந்தது. நளீமுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"வீரமுனையத் தாண்டக்குள்ளேயே எனக்குத் தெரிஞ்சிட்டு. வகுத்துக்குள்ள புள்ள உசும்பல்ல. காரைதீவுச் சந்தி வரைக்கும் உதைச்சிட்டு வந்த புள்ள. ஒங்களிட்டச் சொல்லோணும் எண்டு இரிந்திச்சி. முன்னால ஒங்கட கச்சிமுகம்மது காக்கா இரிந்தார். அவருக்கு முன்னால என்னெண்டு சொல்லுற? நீங்களும் வேகமா ஓடிக்கிட்டிரிந்தீங்க. நான் கையப் போட்டுப் பாத்துக்கிட்டே வந்த."

"ஆஸ்பத்திரி வரைக்கும்?"

"ஓம்."

சிக்னல் பச்சைக்கு மாறியது. மொறிட்டாவுக்கு ஒரு சொல்கூட விளங்கியிருக்காது. ஆனால் அவர் கையை நீட்டி ரேடியோவை மெல்லிய சத்தத்தில் போட்டார். பின்னால் இருப்பவர்கள் அழும்போதோ சண்டை பிடிக்கும்போதோ நளீமும் அப்படித்தான் செய்வார்.

நளீம் அழவில்லை. ஸாலிஹாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இவ்வளவு காலமும் அந்த நாளை நினைத்தால் அவருக்கு ரோட்டில் கிடந்த குண்டும் குழியும், முந்திப்போக விடாத நெல் லொறியும்தான் நினைவுக்கு வரும். கொஞ்சம் வேகமாகப் போயிருந்தால் பிள்ளை தப்பியிருக்கும் என்று ஆருக்கும் சொல்லாமல் தனக்குள் நினைத்துக்கொண்டிருந்தார். அதை இப்போது ஸாலிஹாவிடம் சொன்னார்.

"வேகத்தில ஒண்டுமில்ல" என்றாள் அவள். "அது அல்லாஹ்ட நாட்டம். அதுக்கு முதலே முடிஞ்சிட்டு. நீங்க நல்லாத்தான் ஓடின."

ஆற்றுப் பாலங்களைத் தாண்டித் தாண்டி கார் ஸ்டேசனை நோக்கிப் போனது. இருவரும் அந்தப் பிள்ளையைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார்கள். முகம் யாரைப்போல இருந்தது என்று ஸாலிஹா கேட்டாள். அவளுக்கு அன்று காட்டவில்லை. அடக்கம் செய்யக் கொண்டுபோனவர் நளீம்தான். "ஒன்ட வாயும் மூக்கும்" என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு வெளியில் பார்த்தாள். பிறகு, தலைமுடி இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றார்.

ஸ்டேசனில் மொறிட்டா கதவைத் திறந்து குனிந்தார். மிச்சமிருந்த சம்பலைப் போத்தலோடு ஸாலிஹா அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். சோற்றோடுதான் தின்னவேண்டும், வெறுமனே தின்னக்கூடாது என்று சொல்லச் சொல்லி நளீமை இரண்டு தரம் கேட்டாள்.

ஊருக்கு வந்தபிறகு நளீம் ஹயர் ஓடுவதை விடவில்லை. சீசனுக்கு அறுகம்பை, மற்ற நாட்களில் கண்டியும் கொழும்பும். ஆனால் சனிக்கிழமை பின்னேரங்களில் யார் கேட்டாலும் வேன் இல்லை என்று சொல்லத் தொடங்கினார். எங்கே போகவேண்டும் என்று ஸாலிஹாதான் சொல்வாள். ஒரு கிழமை சொறிக்கல்முனை வயல்பக்கம் போகச் சொன்னாள். சும்மா, பச்சையைப் பார்ப்பதற்கு. இன்னொரு கிழமை ஒலுவில் கடற்கரை. காக்கா கச்சிமுகம்மது ஒருநாள் தானும் வருவதாகச் சொல்லி முன்சீட்டில் ஏறப்போனார். "காக்கா, ஒங்களுக்குப் பின்னால நல்ல காத்து வரும்" என்று நளீம் சொன்னார். அவர் ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறினார்.

போன மாதம் இருவருமாக இறக்காமம் குளத்துப்பக்கம் போனார்கள். கரையில் பிடித்த மீனை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பாதையின் குறுக்கே யானைக் கூட்டம் நின்றது. முன்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் ஒரு உழவு மெசினும் மறிபட்டிருந்தன. வயலுக்குள் யாரோ வெடி கொளுத்தினார்கள். யானைகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒன்று மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டது.

"றிவர்ஸ் எடுத்து மற்றப் பாதையால போவமா?" என்று நளீம் கேட்டார்.

"எதுக்கு? மீன் கெட்டுப்போகாது. ஐஸ் போட்டுத்தான் தந்தான்."

"மஹ்ரிபு தொழ இன்னும் நேரமிரிக்கி" என்று சொல்லிவிட்டு நளீம் எஞ்சினை நிறுத்தினார். ஸாலிஹா கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, எந்த யானைக்கு எது குட்டி என்று பார்த்துச் சொல்லத் தொடங்கினாள்.