ஊசி தேடாத தரை

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போகும். வீட்டுக்காரர்களிடம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம். கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை உருவிக்கொண்டே, "வெயில் எந்தப் பக்கமா வருது?" என்பார். நாம் யோசித்துப் பதில் சொல்வதற்குள் அளந்து முடித்திருப்பார். பிறகு ஒருநாள் தைத்து எடுத்து வந்து, ஏணியில் ஏறிக் கம்பியில் வளையங்களைக் கோத்து, திரையைத் தொங்கவிட்டு இறங்கியதும் ஏணியின் காலில் இரண்டு தட்டு. "நல்லா இரு." ஏணிக்குத்தான் அந்த வாழ்த்து. பஸ்ஸை விட்டு இறங்கினால் டிரைவருக்கு, பணம் எடுத்தால் மெஷினுக்கு, ராங் நம்பரில் கூப்பிட்டுத் தொந்தரவு செய்தவருக்குக்கூட ஒரு "நல்லா இருங்க" உண்டு.

தெருவில் அவருக்கு ஸ்கிரீன் அக்கா என்று பெயர். ஜன்னல் திரை தைத்து, வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுப்பது தொழில். அடுக்குமாடிக் குடியிருப்பில் என் வாசலுக்கு நேர் எதிர் வாசல் அவருடையது. அதனால் என்னை "எதிர்வீடு" என்றே கூப்பிடுவார். கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார். ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் மூன்றாவது ஆள் மாமியார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், கண் மட்டும் கழுகுக்கண்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. முன்பு ஒரு தடவை வேன்காரரின் குதிகாலில் ஏறிய ஊசி உள்ளேயே முறிந்து, ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். அன்றிலிருந்து யாராவது தரையில் முட்டி போட்டால் ஊசி விழுந்துவிட்டது என்று அர்த்தம். மற்றவர்கள் நின்ற இடத்தில் நின்றுவிட வேண்டும். தூக்கிய காலை இறக்கக் கூடாது. நடக்க அனுமதி மாமியாருக்கு மட்டும். நூலில் கட்டிய காந்தத்தைத் தரையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து, ஊசி ஒட்டியதும் "மாட்டிக்கிச்சு!" என்று அவர் அறிவிப்பார். அப்புறம்தான் அந்த வீட்டில் மூச்சு விடுவார்கள்.

போன வருடம் அக்காவின் வலது கை மக்கர் செய்தது. தோள் இறுகிப்போய், கை தோள் மட்டத்துக்கு மேல் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. டாக்டர் சொன்ன 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்ற ஆங்கிலப் பெயர் மாமியாரின் காதில் வேறு மாதிரி விழுந்து, "மருமகளுக்குத் தோள்ல ஃப்ரிட்ஜ் வந்திருக்கு" என்று மாடி மாடியாகச் செய்தி போனது. டாக்டர் சொன்னதில் மீதியை அக்காவே எனக்குச் சொன்னார். "வீட்டுல பண்ணுங்க, வெளிய எங்கயாவது போய்ப் பண்ணுங்க, ஆனா தினம் எக்சர்சைஸ் பண்ணணும்னாரு. தூக்காமலே விட்டா கை தூக்கறதையே மறந்துடுமாம் எதிர்வீடு."

தையலுக்கு அந்தக் கை போதும். ஏணிக்குப் போதாது. "தைக்கறவங்க தெருவுக்கு நாலு பேரு இருக்காங்க. ஏறி மாட்டிக் குடுக்கறதாலதான் என்னக் கூப்பிடறாங்க. மாட்ட முடியாத ஸ்கிரீன் அக்காவ யாருக்கு வேணும்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒருமுறை தனக்குப் பதிலாக வேன்காரரை ஏற்றிவிட்டுப் பார்த்தார். திரையில் இருந்த பூவெல்லாம் வௌவால்போலத் தலைகீழாகத் தொங்கின.

வேன்காரர் கற்றுக்கொண்ட இன்னொரு வேலை தலை பின்னுவது. மகள் ஊரில் இல்லை, மாமியாருக்கு விரல் மடங்காது. வேறு வழியில்லாமல், அவர் வேலைக்குக் கிளம்பும் முன் அக்கா முக்காலியில் உட்கார்ந்து, சீப்பை இடது கையால் இடுப்போரமாகப் பின்னால் நீட்டுவார். வேனில் சாமான் கட்டும் கயிற்றைத் தவிர வேறு எதையும் முடிந்து பழகாதவர் அவர். "ஏங்க, இது தலையா, மூட்டையா?" என்று அக்கா கத்துவார். "எந்தப் பள்ளத்துல ஏறி இறங்கினாலும் அவுராது" என்பார் வேன்காரர், தொழில் கர்வத்தோடு. உண்மைதான். இரவு அவிழ்க்கத்தான் இருவருமாக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

எங்கள் தெருமுனையில் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது, பெண்களுக்கு மட்டும். அதன் கண்ணாடி ஜன்னல்களுக்குத் திரை மாட்டியதே அக்காதான். பயிற்சி சொல்லித் தரும் பெண் விஷயம் கேள்விப்பட்டு, "சேர்ந்துடுங்கக்கா" என்று கூப்பிட்டாள். அக்கா மறுத்துவிட்டார். "வீட்டுல தரை இல்லையா, சுவர் இல்லையா? காசு குடுத்தா வேர்க்கணும்?" நானும் ஆமாம் சாமி போட்டேன். எனக்கும் உடற்பயிற்சிக்கும் தூரத்துச் சொந்தம். எப்போதாவது கண்ணில் பட்டால் விசாரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

வீட்டிலேயே தொடங்கினார். கூடத்தில் பழைய திரைத்துணியை விரித்துப் படுத்தார். அடுக்களையிலிருந்து வந்த மாமியார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "அசையாத! எந்த ஊசி, சின்னதா பெருசா?"

"ஊசி இல்ல அத்தை, எக்சர்சைஸ்."

"சரி சரி" என்று தலையாட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று காந்தத்தை எடுத்து வந்து அக்காவைச் சுற்றி ஒரு வலம் வந்தார். வெளியே போயிருந்த வேன்காரர் உள்ளே காலெடுத்து வைத்ததும் அப்படியே ஒற்றைக் காலில் நின்றார். மறுநாளும் இதே கூத்து. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, கால்களுக்கே பழகிவிட்டது. அக்காவின் கண்ணும் லேசுப்பட்டதல்ல. படுத்தால் மெஷினுக்கு அடியில் கிடக்கும் நூல்துண்டும் கொக்கியும்தான் தெரியும். நல்ல கை நீண்டு அவற்றைப் பொறுக்கும், அப்புறம் துடைப்பம் வரும். பயிற்சி நேரம் முடியும்போது தரை பளிச்சென்று இருக்கும், தோள் அப்படியே இருக்கும். விரல்களால் சுவரில் ஏறும் பயிற்சிக்குத் தையல் சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு போட்டு வைத்தார். அழுக்கென்று நினைத்து மாமியார் துடைத்துவிட்டார்.

இப்படியே வாரங்கள் ஓடின. ஒருநாள் அக்கா என் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்க்கவே இல்லை.

"ஏணிய மொட்டை மாடி ரூமுக்குக் கொண்டு போய்ட்டாரு. எனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதான். நல்ல மனசுதான், நான் இல்லங்கல. ஆனா கதவுக்குப் பின்னால வெறிச்சுனு இருக்கு எதிர்வீடு."

கணவரை அவர் ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது.

அன்று மாலை முடிவைச் சொன்னவர் மாமியார். காந்தத்தை நூலோடு சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, திறந்திருந்த இரண்டு வாசல்களுக்கும் கேட்கிற குரலில் பேசினார். "அம்மாடி, நீ கீழ படுத்தா எனக்கு ஊசி ஞாபகம்தான் வருது. இனிமே என்ன மாத்த முடியாது, என் மகனையும் மாத்த முடியாது. நீ போயி வேற தரையில படு. சாயங்கால அடுப்ப நான் பாத்துக்கறேன்."

"வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு அத்தை..."

"எனக்கு விரல்தான் மடங்கல, கரண்டி பிடிக்க முடியும். போ."

என் வாழ்க்கையில் எத்தனையோ புத்திமதி கேட்டிருக்கிறேன். யாரையும் திருத்தப் பார்க்காமல், தன்னைத் திருத்த முடியாது என்று ஒப்புக்கொண்டு வழிவிட்ட புத்திமதி இது ஒன்றுதான். அந்த அம்மாவை அன்று கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

முதல் நாள் ஜிம்முக்கு நானும் துணைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் அக்காவின் கண் வழக்கம்போல ஜன்னலுக்குப் போனது. ஓரத் திரையில் ஒரு கொக்கி கழன்றிருந்தது. கை அங்கே நகர்வதைப் பார்த்துவிட்ட பயிற்சிப் பெண், "அக்கா, அது உங்க வேலை. இப்ப வேலை நேரம் இல்ல. படுங்க" என்றாள்.

படுத்தார். பக்கத்தில் ஒரு பெண் சைக்கிள் மிதித்துக்கொண்டே போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கண்ணாடி முன்னால் நின்று தன் தொப்பையைத் திட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் அக்காவின் தலைமாட்டைத் தாண்டிக்கொண்டு நடந்து போனார்கள். யார் காலும் நிற்கவில்லை. கீழே ஒரு நூல்துண்டுகூடக் கிடக்கவில்லை. கிடந்தாலும் அது இவர் வீட்டு நூல் இல்லை. அக்கா மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது.

"வலிக்குதாக்கா?" என்று அந்தப் பெண் பதறினாள்.

"இல்லம்மா. யாரும் என்ன தேடறேன்னு கேக்கல."

அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. கையை மெல்லப் பிடித்து, தாங்குகிற அளவுக்கு மட்டும் உயர்த்தினாள். "நல்லா இரும்மா" என்றார் அக்கா, படுத்தபடியே.

அப்புறம் தினமும் போனார். கப்பியில் தொங்கும் கயிறு, கம்பு, ரப்பர் பந்து, எல்லாவற்றுக்கும் முறை வைத்து "நல்லா இரு" கிடைத்தது. உடை மாற்றும் அறைக்கு ஒரு திரை தைத்து அவர் பரிசாகக் கொடுத்தார். வீட்டில் மாமியாரின் சமையலில் உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். எல்லாரும் பூனைபோலச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். கை காது மட்டத்துக்கு வந்தது. பிறகு ஒருநாள் காதைத் தாண்டியது. "ஃப்ரிட்ஜ் போயிடுச்சு" என்று மாமியார் மாடி மாடியாக மறுசெய்தி அனுப்பினார். வேன்காரர் யாரும் சொல்லாமலே ஏணியை இறக்கிக்கொண்டு வந்து கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்தார்.

போன வாரம் என் வீட்டுப் பெரிய ஜன்னலுக்குப் புதுத் திரை. அக்கா ஏணியின் உச்சிப் படியில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி வளையங்களைக் கோத்தார். கீழே நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பூக்கள் நேராகத் தொங்கின.

மறுநாள் காலை பால் எடுக்கக் கதவைத் திறந்தேன். எதிர்வாசல் திறந்திருந்தது. இனி அக்கா தானே தலை பின்னிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவர் முக்காலியைப் போட்டு வேன்காரருக்கு முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். சீப்பை எடுத்தார், வலது கையில். அந்தக் கை தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேல் நேராக உயர்ந்து, பின்னால் வளைந்து சீப்பை நீட்டியது. வேன்காரர் சீப்பைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். சீப்பை வாங்கி வகிடு எடுக்க ஆரம்பித்தார். அக்கா கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.