புள்ளைத் துணிக் குழி

எழுபதுகளோட நடுவுல, ஒரு ஆடி மழைக்காலம். வட்டவடைக்கு ஜீப் போற பாதையில, மூணாறு பக்கத்து தேயிலை எஸ்டேட் ஒண்ணுல நடந்தது இது. அங்க புள்ளைக் கொட்டகையில நான் ஆயா. கொழுந்து பறிக்கப் போற பொம்பளைங்க காலையில கைப்புள்ளைங்களைக் கொண்டாந்து விடுவாங்க. நடுவுல பால் கொடுக்க ஒருதரம் ஓடிவருவாங்க. மத்த நேரம் அழுகை, பால், பீ, மூத்திரம் எல்லாம் என் பாடு.

அந்த வேலையை ஆசைப்பட்டு வாங்கல. வீட்டுக்காரர் மஞ்சக்காமாலையில போய்ச் சேர்ந்துட்டார். எனக்குக் காலுல ஆறாத புண்ணு, மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது. வேலை இருந்தாத்தான் லயத்துல, அதான் கூலிக்காரங்க வரிசை வீட்டுல, ரூம்பு. வேலை போச்சுன்னா சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு இறங்க வேண்டியதுதான், இறங்கிப் போக எனக்கு எந்த ஊரும் இல்ல. தவழுற என் மவளும் அதே கொட்டகையிலதான் மத்த புள்ளைங்களோட கிடந்தா.

அப்பல்லாம் புள்ளைக்குக் கட்டுறது கிழிஞ்ச வேட்டி, பழைய சேலைத் துண்டுதான். வெயிலடிச்சா அலசிக் காயப்போட்டு மறுபடி கட்டலாம். அந்த மழையில எது காயும்? போதாததுக்கு வயித்தால போற புள்ளைங்க வேற. அலசி அலசி என் விரலெல்லாம் வெளுத்து ஊறிப்போச்சு. ராத்திரி படுத்தாலும் மூக்குல அந்த நாத்தம்தான். நைஞ்சுபோன துணியை ஓடைப்பக்கம் வீசிடுறது எனக்கு முன்னாடி இருந்த ஆயா காலத்து வழக்கம். நானும் அதையேதான் செஞ்சேன். யோசிக்கறதுக்கு எங்கம்மா நேரம்?

ஒருநாள் கீழ் லயத்துக்குத் தண்ணி போற குழாய் வாயில அப்படி ஒரு துணி போய் அடைச்சுக்கிச்சு. அங்கேயும் புள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு. ஆம்பளைங்க அந்தத் துணியை ஒரு கம்புல தூக்கிக்கிட்டு எஸ்டேட் ஆபீசுக்கே போயிட்டாங்க. சூப்பர்வைசர் மலையாளி, நல்ல மனுசன்தான், ஆனா அன்னிக்கு முகம் கொடுத்துப் பேசல. "இனி தோட்டில் இட்டா ஜோலி இல்லா. ஒக்கெ கத்திச்சு களயணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். ஓடையில போட்டா வேலை கிடையாது, எல்லாத்தையும் எரிச்சுடணும்.

எரிக்கறதாம்! சொல்றவருக்கு என்ன? புள்ளை பேண்ட துணியில தீ பட்டா, அந்தப் புள்ளைக்குக் குண்டி வெந்து கொப்புளிச்சுடும்னு எங்க சனங்க அப்படியே நம்பினாங்க. புள்ளை மண்ணுல பேண்டு வச்சதுமேல அடுப்புச் சாம்பலைக்கூட ஆறவிட்டுத்தான் போடுவோம். நானும் நம்பினவதான். என் மவ துணியும் அந்த வாளியிலதானே கிடக்கு, அதுல எப்படிக் கொள்ளி வைக்க?

சரி, புதைச்சுடலாம்னு கொட்டகைக்குப் பின்னாடி ஒரு குழி தோண்டினேன். அந்தப் புண்ணுக் காலை வச்சுக்கிட்டு நான் தோண்டினது எவ்வளவு ஆழம் இருக்கும்? மறுநாள் விடிஞ்சு பார்த்தா காட்டுப்பன்னி கிளறி, துணியெல்லாம் பாதை பூரா தோரணம் கட்டின மாதிரி கிடக்கு. வேலைக்குப் போன சனமெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டிப் போச்சு. எனக்கு அழுகையா வந்துச்சு. அழுதுக்கிட்டே பொறுக்கினேன்.

பன்னி வராம இருக்கணும், நாத்தம் வரக்கூடாது, என் நெனப்புல இருந்தது அவ்வளவுதான். மாட்டுக் கொட்டில்ல போய் சாணி கேட்டு வாங்கினேன். குழியைக் கொஞ்சம் பெருசாக்கி, ஒரு அடுக்கு துணி, அதுமேல சாணி, அதுமேல காஞ்ச சருகுன்னு போட்டேன். மேல ஓலையை விரிச்சு கல்லைத் தூக்கி வச்சேன். தினமும் வேலை முடிஞ்சப்புறம் இது ஒரு வேலை. இடுப்பு விட்டுப்போச்சு. ஆனா பன்னி வரல, நாத்தமும் இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு.

அந்த அப்பாடா ரொம்ப நாள் நிக்கல.

ஒருநாள் காலையில நல்ல குளிரு. ஓலையை விலக்கினா குழியிலேருந்து குபுகுபுன்னு வெள்ளையா ஆவி கிளம்புது. நானே பயந்துட்டேன். கையை மேல காட்டினா வெதுவெதுன்னு அடிக்குது. இதென்னடா கூத்துன்னு நிக்கும்போதே புள்ளைங்களை விட வந்த பொம்பளைங்களும் பார்த்துட்டாங்க.

அதுல ஒருத்தி ரெட்டைப் புள்ளைக்காரி. கல்யாணமாகி நாலஞ்சு வருசம் கோயில் கோயிலாப் போய்ப் பெத்தவ. முந்தின நாள்தான் அவளோட ஒரு புள்ளைக்குக் குண்டியெல்லாம் செவந்து கொப்புளம் போட்டிருந்துச்சு. ராத்திரி பூரா கத்தியிருக்கு. அவ கண்ணு அந்த ஆவி மேல போச்சு, அப்புறம் என் மேல வந்துச்சு.

"ஏட்டி, என் புள்ளை துணியில தீ வச்சியா?"

"வைக்கல மதினி. என் மவ மேல சத்தியமா வைக்கல."

"அப்ப அது என்ன பொகை? கண்ணு அவிஞ்சா போச்சு எங்களுக்கு? நீயும் ஒரு புள்ளையைப் பெத்தவதானா?"

மத்தவங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. சூப்பர்வைசர் எரிக்கச் சொன்னது எல்லாருக்கும் தெரியும், நான் அவருக்குப் பயந்து ரகசியமா எரிக்கறேன்னு முடிவே கட்டிட்டாங்க. இவ இருந்தா புள்ளையை விடமாட்டோம், இப்பவே ஆபீசுக்குப் போறோம்னு ஒருத்தி முந்தானையைச் சொருகிக்கிட்டுக் கிளம்பினா. தாய்மாரெல்லாம் ஒண்ணா நின்னு சொன்னா என்னை எவன் வச்சிருப்பான்? சாயங்காலத்துக்குள்ள ரூம்பைக் காலி பண்ணணும், இந்த மழையில மவளைத் தூக்கிக்கிட்டு எங்க போக?

நான் சாதாரணமா வாயடிக்கறவ இல்ல. அன்னிக்கு உடம்பு அலுப்பு, மனசு அலுப்பு எல்லாம் சேர்ந்து வெடிச்சிடுச்சு. "உங்க புள்ளைங்க பீயை அள்ளி அள்ளி என் கை அழுகிக் கிடக்கு. நான் ஏன்டி தீ வைக்கறேன்? என் புள்ளை துணியும் அதுக்குள்ளதான் கிடக்கு. தீ இருக்குன்னா கையை விட்டுப் பாருங்கடி!"ன்னு கத்திட்டேன்.

யாரு விடுவா? எல்லாரும் ஒரு எட்டுப் பின்னால போனாங்க. போறேன்னு கிளம்பினவகூட நின்னுட்டா. ரெட்டைப் புள்ளைக்காரி மட்டும் என்னையே பார்த்தா. இடுப்புல இருந்த, கொப்புளம் போட்ட புள்ளையைப் பக்கத்துல நின்னவ கையில கொடுத்தா. குத்தவச்சு உக்காந்தா. மேல கிடந்த சருகைத் தள்ளிட்டு, வளையலோட கையை முழங்கை வரைக்கும் குழிக்குள்ள விட்டுட்டா.

சுடுதுன்னு சொல்லிட்டா முடிஞ்சது என் கதை.

உள்ள துழாவி ஒரு பிடியை வெளிய எடுத்தா. சாணியும் சருகும் கலந்து கருப்பா இருந்துச்சு, நடுவுல இத்துப்போன துணி நாரு. அதை விரலால பிச்சுப் பார்த்தா. மோந்தும் பார்த்தா. அப்புறம் எழுந்து மத்தவங்களைப் பார்த்து, "தீ இல்ல. சாணிக்குப்பைச் சூடு. எங்கப்பன் வீட்டுக் குப்பைமேட்டுல மார்கழி மாசம் இப்படித்தான் ஆவி வரும்"னா. குரல்ல கோவம் அப்படியே இருந்துச்சு, ஆனா அது என் மேல இல்ல. "நின்னு வேடிக்கை பார்த்தது போதும், வேலைக்கு நேரமாச்சு"ன்னு எல்லாரையும் விரட்டிட்டா.

எங்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்கல. எங்க பக்கத்துப் பொம்பளைங்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. குழாயில கையைக் கழுவிட்டு, புள்ளையைக் கொண்டாந்து என் மடியில போட்டா. "பார்த்துக்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு கூடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அந்தப் புள்ளையை மடியில வச்சுக்கிட்டு நான் அழுத அழுகை இருக்கே!

கொப்புளத்துக்குக் காரணம் டிஸ்பென்சரி சிஸ்டர் சொல்லித்தான் புரிஞ்சது. ஈரம் காயாத துணியைக் கட்டிக் கட்டி வந்த புண்ணாம். பால் காய்ச்சுற அடுப்புக்கு மேல கயிறு கட்டி, துணியைச் சுருக்கா காயவச்சுக் கட்ட ஆரம்பிச்சேன். புண்ணு ஆறிச்சு. அதுக்காக எல்லாரும் மாறிட்டாங்கன்னு இல்ல. ரெண்டு பேரு கடைசி வரைக்கும் அவங்க புள்ளை துணியை மூட்டை கட்டி வீட்டுக்கே எடுத்துட்டுப் போனாங்க. என் வேலையும் ஒரு பிடி குறையல.

கொஞ்ச நாள் கழிச்சு ரெட்டைப் புள்ளைக்காரி சாயங்காலம் ஒரு வாளி சாணியோட வந்தா. கூடவே சேம்பிலையில மடிச்ச சின்னப் பொட்டலம் ஒண்ணு. என் முகத்தைப் பார்க்காம, "இதையும் போடலாமா?"ன்னா. மாசாமாசம் நாங்க வச்சுக்கற துணி. அதைப் பாம்பு தாண்டிட்டா வயித்துல புள்ளை தங்காதுன்னு பயந்து, யாரு கண்ணுலயும் படாம கூரைச் சந்துல ஒளிச்சு, கடைசியில ஓடையில விட்டுக்கிட்டு இருந்தோம். ஓடையிலதான் இப்ப போட முடியாதே. "போடுங்க மதினி"ன்னேன். அப்புறம் ஒவ்வொருத்தியா சேம்பிலைப் பொட்டலம் வர ஆரம்பிச்சுது. வாங்கினதும் குழியில போட்டுச் சாணியால மூடிடுவேன்.

அடுத்த வருசம் குழியைத் திறந்தப்போ வெறும் கருப்பு மண்ணுதான். துருப்பிடிச்ச ஊக்கு ரெண்டு மூணு கிடந்துச்சு, துணின்னு சொல்ல ஒண்ணும் இல்ல. தேயிலைத் தூருல கொட்டிட்டு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சேன். என் மவ ஸ்கூலுக்குப் போற வரைக்கும் அந்தக் குழியோடதான் என் பொழப்பு.

இப்ப கடையில வாங்கி, ஒருதரம் கட்டிட்டுத் தூக்கிப் போடுற துணி வந்துடுச்சு. மேல பஞ்சு, உள்ள பிளாஸ்டிக். அதையும் மக்க வைக்க வழி தேடுறாங்கன்னு பேப்பர்ல வந்ததை மவ படிச்சுக் காட்டினா. நல்லா இருக்கட்டும்னேன். அந்த வேலையோட அலுப்பு எனக்குத் தெரியும், இன்னும் இடுப்பை விட்டுப் போகல. ஆனா அந்தக் காலையை நினைச்சா அலுப்பு முன்னால வர்றதில்ல. என் மேல அவ்வளவு கோவம் இருந்தும் ஆபீசுக்கு ஓடாம, உண்மை என்னன்னு பார்க்க ஒருத்தி வளையலோட குழிக்குள்ள விட்ட கைதான் வருது, அந்தக் கையாலதான் நானும் என் மவளும் அந்த லயத்துல தங்கினோம்.