ஒப்பாரிக் கோச்சியில் அம்மா

அம்மா தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தார். ஏழு பிள்ளைகளைப் பெற்றார்; மடுல்சீமைத் தேயிலைத் தோட்ட லயங்களில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தார். ஆனாலும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பதற்றம்தான்.

எழுபதுகளில் இரண்டு அரசாங்கங்கள் குடியுரிமை ஒப்பந்தம் என்று எங்கள் குடும்பத்தைப் பங்கு போட்டன. தம்பி குடும்பம் இந்தியாவுக்கு, அம்மாவும் நானும் இலங்கைக்கு. போகிறவர்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். பதுளை ஸ்டேசனில் வழியனுப்ப வந்த அம்மா, பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார். விசில் ஊதியது. அவரிடம் பாஸ்போர்ட் இல்லை, டிக்கெட்டும் இல்லை. அதற்கு என்ன தண்டம் என்பது கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கரான எனக்கு அத்துப்படி.

"எறங்கும்மா!"

"புள்ள இப்பதான் கண்ணசந்துச்சு. அடுத்த ஸ்டேசன்ல எறங்குறேன்."

ஓடும் ரயிலில் நானும் தொற்றினேன், அதுவும் விதிமீறல்தான். ஹாலிஎலையில் அதே பதில், தெமோதரையிலும் அதே பதில். இப்படியே தலைமன்னாருக்குப் போய்க் கப்பலும் ஏறிவிடுவாரோ என்று எனக்கு வியர்த்தது.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். நான் விதிகளை விளக்கத் தொடங்கினேன்.

"சும்மா இருடா, ஐயா ஒன்னையக் கேட்டாரா?" என்றார் அம்மா.

பரிசோதகர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

பண்டாரவளையில் குழந்தை விழித்துத் தாயிடம் தாவியது. அம்மா எழுந்தார். தம்பி அவருடைய முந்தானையைப் பிடித்திருந்தான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"கையக் குடு, படி உசரமா இருக்கு."